பொய்மீன் டாக்டர்

பொய்மீன்காரர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் தெரியாது. நம்மைப்போலவே சட்டை மாட்டிக்கொள்வார், வரி கட்டுவார், மழை வந்தால் குடை பிடிப்பார். ஆனால் பஸ்ஸில் உங்களுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி, உங்கள் கோட்டின் ரோமக் காலரை ஒற்றை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தால் கோபப்பட்டுத் திரும்பாதீர்கள். அவருக்கு உங்கள்மேல் எந்த ஆசையும் இல்லை. காலர்மேல்தான் ஆசை. இறங்கும்போது காலர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொய்மீன் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? ஏரியில் பெரிய மீன்கள் பொடிமீன்களைத் துரத்தித் துரத்தித் தின்கின்றன அல்லவா, அந்தப் பொடிமீனைப் போலவே ஒன்றைக் கையால் செய்வது. ஒரு தூண்டில் முள்ளை எடுத்து, அதன்மேல் நூலைச் சுற்றி, வயிற்றுக்கு வெள்ளை ரோமமும் முதுகுக்குக் கரும்பச்சை ரோமமும் வைத்துக் கட்டி, விலாவுக்கு ஒரு ஜிகினா இழையை ஓடவிட்டு, வாலுக்குச் சேவல் இறகைச் செருகி, தலையில் பசையைத் தடவி, இரண்டு பக்கமும் இரண்டு கண் ஒட்டிவிட்டால் விரல் நீளத்துக்கு ஒரு பொய்மீன் தயார். தண்ணீரில் விட்டு இழுத்தால் ரோமம் அலையும், ஜிகினா மின்னும், பெரிய மீன் ஏமாறும். ஏமாற வேண்டும். ஏமாறுகிறதா என்பது பொய்மீன்காரருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் ஏரிக்குப் போவதே இல்லை. எங்கே நேரம்? கட்டுவதற்கே நேரம் போதவில்லை.

எங்கள் பல் டாக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஆஸ்பத்திரி, மேலே வீடு. மாடி ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். காற்றடிக்கிற நாளில் அதன் ஈரம்கூட முகத்தில் படும். கல்யாணமான புதிதில் வாங்கிய தூண்டில் கழி கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நிற்கிறது. புது மாப்பிள்ளைக்கு இருந்த முடியெல்லாம் டாக்டருக்குக் கொட்டிவிட்டது. உறை மட்டும் புதுசாகவே இருக்கிறது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பல் மருத்துவம் என்பதே பொய்மீன் கட்டுகிறவர்களுக்காக ஏற்பட்ட படிப்பு என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது. நெற்றியில் விளக்கு, கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் நகத்தளவு இடுக்கி, பல்லை அடைக்கிற பசையைக் கண்சிமிட்டும் நேரத்தில் கல்லாக்கிவிடும் நீல விளக்கு, எல்லாம் தயாராக இருக்கும்போது, ஒரு மனிதன் பல்லை மட்டும் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பான்? நோயாளிகளுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வைக்கும் தட்டுக்குப் பக்கத்திலேயே, தூண்டில் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சின்ன வைஸ் ஒன்றையும் திருகி மாட்டிவிட்டார். ஊசி போட்டு ஈறு மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டுமில்லையா, அந்த இடைவெளியில் ஒரு வால். வாயில் பஞ்சை வைத்துவிட்டு ஒரு முதுகு. வாயில் பஞ்சோடு இருக்கிறவரால் என்ன ஆட்சேபம் சொல்லிவிட முடியும்?

ரோமம் என்று நான் நாகரிகமாகச் சொல்கிறேன். டாக்டர் அப்படிச் சொல்வதில்லை. அகராதியில் உள்ள சொல்லைத்தான் பச்சைக் குழந்தை மாதிரி வாய்நிறையச் சொல்வார். ஒருநாள் நாற்காலியில் சாய்ந்திருந்த தபால் அதிகாரியின் தலைக்குமேல் குனிந்து, "நல்ல மயிர்," என்று உருகிவிட்டார். அதிகாரி எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸம்மா ஓடிவந்து, "முடியைச் சொல்றாரு சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்று தோளைப் பிடித்து மறுபடி சாய்க்க வேண்டியதாயிற்று.

இந்த நர்ஸம்மாவுக்கு வயது டாக்டரைவிட அதிகம், பொறுமை அவரைவிடக் குறைவு. "சார், வந்தவருக்குக் கடவாய்ப் பல்லு. நீங்க அவர் புருவத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க," என்று காதோடு சொல்லி அவரை வாய்க்குள் இறக்கிவிடுவது அவருடைய அன்றாட வேலை.

மாடியில் மனைவியின் பாடு இன்னொரு விதம். கட்டி முடித்த மீன் நீந்துகிறதா என்று பார்க்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் எங்கே இருக்கிறது? குளியலறைத் தொட்டியில் இருக்கிறது. அதன் ஓரத்தில் மண்டியிட்டு, நூலில் கட்டிய மீனை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துக்கொண்டிருப்பார்.

"ஏங்க, நான் குளிக்கணும்."

"ஒரு நிமிஷம். வாலைப் பாரேன். எப்படி ஆடுது பாரு."

"ஏரி எதிர்லதானே இருக்கு. செருப்பு மாட்டிக்கிட்டுப் போனா அங்க ஆடிட்டுப் போகுது."

"ஏரிக்குக் கொண்டுபோற அளவுக்கு இது இன்னும் வரலைம்மா."

இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, இதை வைத்துத்தான் இந்த இனத்தை அடையாளம் காண வேண்டும். எந்த மீனும் வந்து சேர்வதில்லை. வந்துகொண்டே இருக்கிறது. டாக்டரின் மனக்குறை என்னவென்றால், மினுமினுப்பு. உயிருள்ள பொடிமீனுக்கு ஒளி உள்ளேயிருந்து வரும் என்று அவர் எங்கோ படித்திருக்கிறார். அவர் கட்டுகிற மீனுக்கு ஜிகினா வெளியே கிடந்து மினுக்குகிறது, பொம்மைக்குப் போட்ட சட்டை மாதிரி. வெள்ளி ஜிகினா, சாம்பல் ஜிகினா, கத்தரித்த ஜிகினா, கசக்கிய ஜிகினா என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டார். ஒளி உள்ளே போகமாட்டேன் என்கிறது. சாப்பிடும்போது சட்டென்று கரண்டி நின்றுவிடும். "உள்ளேயிருந்து," என்பார். மனைவி குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மச்சினியின் பல் உடைந்தது.

மச்சினி என்றால் மனைவியின் தங்கை. டெலிவிஷனில் வேலை. வருஷக்கணக்காக மதியம் வெயில் மழை சொல்லிக்கொண்டிருந்தவள். வெயில் மழை சொல்கிறவர்களை யார் பார்க்கிறார்கள்? பின்னால் இருக்கும் படத்தைத்தான் பார்க்கிறார்கள். மாலைச் செய்தி வாசிக்கிற மூத்த அம்மாளுக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொள்ள, "இன்னைக்கு நீ வாசி, நல்லா வந்தா நாளைக்கும் நீ," என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அந்தப் பரபரப்பில் பேனா மூடியைக் கடித்துத் திறந்தாள். மூடி திறக்கவில்லை. முன்பல்லின் ஓரம் திறந்துகொண்டது.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மத்தியானமே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். டாக்டர் அப்போது, புதிதாகக் கிடைத்த, தலைமுடியைவிட மெல்லிய வெள்ளி ஜிகினா இழை ஒன்றை இடுக்கியில் தூக்கிப் பிடித்து, மூச்சுகூட விடாமல் முள்ளின்மேல் இறக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், சாயங்காலம் நியூஸ். பல்லப் பாருங்க."

பார்த்தார். சின்ன உடைசல். கண்ணை மூடிக்கொண்டு அடைத்துவிடுவார். "உக்காரும்மா, காப்பி ஆறுறதுக்குள்ள முடிச்சிடலாம்," என்று கையுறையை மாற்றினார். இடுக்கியை மாற்ற மறந்தார். பல் நிறத்தில் பசையை எடுத்தார், வைத்தார், வழித்தார், வடிவம் கொடுத்தார், நீல விளக்கைப் பிடித்தார். மச்சினி கண்ணாடியில் பார்த்தாள். உடைந்த இடமே தெரியவில்லை. "அத்தான்னா அத்தான்தான்," என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.

அவள் போனபின் நர்ஸம்மா உள்ளே வந்தபோது டாக்டர் நாற்காலிக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"என்ன சார் தேடறீங்க?"

"ஒரு ஜிகினா இழை. இடுக்கியிலதான் இருந்துச்சு. எங்க போச்சுன்னே தெரியலை."

உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் தெரிகிறது. அவருக்குத் தெரியவில்லை.

மாலையில் மாடிக் கூடத்தில் குடும்பமே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தது. மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துவிட்டிருந்தார். மாமியார் அவரவர் நாற்காலியை முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்தி, கடைசியில் எல்லோரையும் முதலில் இருந்த இடத்திலேயே உட்கார வைத்தார். இசை முழங்கியது. மச்சினி திரையில் தோன்றினாள். அப்படியொரு கம்பீரம். "வணக்கம். முக்கியச் செய்திகள்," என்றாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "புதுப்பாலம் உறுதியாக உள்ளதாகப் பொறியாளர் குழு..." என்றாள். நன்றாகவே இருந்தது. உதடு குவிந்தே போகிற சொற்கள்.

அடுத்த செய்தி நீதிமன்றம்.

"நீ" என்று உதடு விரிந்ததும், அந்த முன்பல்லிலிருந்து ஒரு வெள்ளி மின்னல் சுரீரென்று கிளம்பித் திரையின் குறுக்கே ஓடி மறைந்தது. அறை விளக்கில் அடங்கிக் கிடந்த இழை, ஸ்டூடியோவின் பெரிய விளக்குகளில் விழித்துக்கொண்டுவிட்டது. அன்றைக்கென்று பார்த்து நாட்டில் நடந்ததெல்லாம் ஈகாரத்திலேயே நடந்திருந்தது. நீதிமன்றத்தின் நீண்டகால வழக்கில் தீர்ப்பு, குடிநீர்க் குழாய் சீரமைப்பு, வீதிகளில் தீவிரச் சோதனை, தீயணைப்பு வீரர்கள் மீட்பு. ஒரு வாக்கியத்துக்கு ஐந்தாறு மின்னல். கலங்கரை விளக்கம் ஒன்று செய்தி வாசிப்பதுபோல இருந்தது.

மாமனார் எழுந்துபோய் மேல்துண்டால் திரையைத் துடைத்தார். "தூசி மினுக்குது," என்றார். துடைத்தும் மினுக்கியது. "அவ பல்லுலதாங்க ஏதோ," என்றார் மாமியார். "நம்ம வீட்டுல யாருக்கும் இப்படிப் பல்லு இல்லையே."

மனைவியின் தலை மெதுவாக, மிக மெதுவாக, டாக்டர் பக்கம் திரும்பியது.

டாக்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது. காணாமல்போன இழை எங்கே இருக்கிறது என்பதை லட்சக்கணக்கான பேரோடு சேர்ந்து அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதலில் வந்தது பயம். மச்சினியின் வேலை போச்சு, மாமியார் வீட்டு மரியாதை போச்சு, ஆஸ்பத்திரிப் பெயர் போச்சு. இது ஒரு பக்கம். ஆனால் திரையில் "மீண்டும்" என்று ஒருமுறை மின்னியபோது, அந்தப் பயத்துக்கு அடியிலிருந்து வேறேதோ ஒன்று பொங்கிக்கொண்டு வந்தது. என்ன ஒளி அது. வெளியே கிடந்து மினுக்குகிற ஒளியா? பல்லுக்குள்ளேயிருந்து, ஆழத்திலிருந்து, உயிருள்ளது போலப் புரண்டு வருகிற ஒளி. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"எங்க போறீங்க?" என்றார் மனைவி.

"கீழ."

"அவ மானம் இங்க போய்க்கிட்டு இருக்கு. நீங்க எங்க போறீங்க?"

"பசைக்கு உள்ள வைக்கணும்," என்றார் டாக்டர். கண்ணில் நீர் தளும்பியது. "இத்தனை நாளா வெளிய சுத்திக்கிட்டு இருந்தேன் பாரு. உள்ள வைக்கணும்."

படியில் அவர் இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் சத்தம் கேட்டது. "மாப்பிள்ளைக்கு ரொம்ப வருத்தம் போலிருக்கு," என்றார் மாமனார்.

மறுநாள் காலையில் மச்சினி வந்தபோது ஆஸ்பத்திரிக் கதவே நடுங்கியது. நிலையத்தில் தொலைபேசி ஓயவில்லையாம். செய்தி வாசிக்கிறவர் யாருக்கோ ரகசிய சமிக்ஞை கொடுக்கிறாரா என்று ஒருவர் கேட்டாராம். அந்தப் பல் எந்தக் கடையில் கிடைக்கும் என்று இரண்டு பேர் கேட்டார்களாம். மேலதிகாரி, "இன்னைக்கும் மினுக்கினா நீ வெயில் மழைக்கே திரும்பிப் போயிடு," என்று சொல்லிவிட்டாராம்.

"நீங்கல்லாம் ஒரு டாக்டரா?" என்றாள். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பல் மின்னியது.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார் டாக்டர், பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டே.

"என்னது?"

"அந்த 'நீ'. தலைய மட்டும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ச்சு."

நல்லவேளையாக மனைவி கூடவே வந்திருந்தார். அவரும் நர்ஸம்மாவும் டாக்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, கோட்டைக் கழற்றி, கையைக் கழுவ வைத்து, நகத்தைப் பரிசோதித்து, வைஸை மேசையிலிருந்து திருகி எடுத்து அலமாரியில் பூட்டி, புது இடுக்கியைத் தாங்களே உறையிலிருந்து பிரித்துக் கொடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, டாக்டர் அன்றைக்குச் செய்த வேலை அவர் ஆயுளிலேயே சிறந்த வேலை. பழைய அடைப்பைத் துளிகூட வலிக்காமல் எடுத்து, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு நிறமாக இழைத்துவிட்டார். எடுத்த துணுக்கை நர்ஸம்மா குப்பையில் போடப் போனபோது மட்டும் ஒரு சின்ன விம்மல் கேட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

அன்று மாலை மச்சினி ஒரு மின்னலும் இல்லாமல் செய்தி வாசித்தாள். இடையில் காகிதம் ஒன்று கீழே விழுந்தபோது, குனியாமல், தடுமாறாமல், நினைவிலிருந்தே சொல்லிமுடித்தாள். தொண்டை சரியான மூத்த அம்மாளே கூப்பிட்டுப் பாராட்டினாராம். இனி வாரத்தில் பாதி நாள் அவளுடைய செய்தி.

சரி, மன்னிப்பு? அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்குமா?

"மன்னிக்கிறேன் அத்தான்," என்றாள் மச்சினி. "ஒரு நிபந்தனை. என் பல்லைப் பாத்து நீங்க கட்டினீங்களே ஒரு மீனு, அதை ஞாயித்துக்கிழமை ஏரிக்குக் கொண்டு வரணும். என் கண்ணு முன்னாடி தண்ணியில வீசணும்."

டாக்டரின் முகம் வெளுத்தது. அது எப்பேர்ப்பட்ட மீன். பல் மின்னிய இரவே கீழே உட்கார்ந்து, பசையை அடுக்கடுக்காக வைத்து, நடுவில் இழையை மிதக்கவிட்டு, நீல விளக்கில் இறுக்கி, அசைத்தால் உள்ளேயிருந்து ஒளி புரளும்படி செய்த மீன். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கும் மீன்.

"தண்ணியிலயா? தொலைஞ்சு போயிடுமேம்மா."

"என் வேலை தொலைய இருந்துச்சே, அப்ப?"

டாக்டர் மீனைப் பஞ்சில் பொதிந்து ஒரு டப்பாவில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தூண்டில் கழியின் உறையை மனைவி கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்தார். ஏரிக்கரையில் புல் ஈரமாக இருந்தது, தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, டாக்டர் தூக்குமேடைக்கு வந்தவர் மாதிரி இருந்தார். முதல் வீச்சில் மீன் மச்சினியின் தொப்பியில் மாட்டியது. இரண்டாவது வீச்சில் மனைவியின் குடையில். மூன்றாவது வீச்சில் டாக்டரின் சொந்த முதுகில். கட்டத் தெரிந்தவருக்கு வீசத் தெரியவேண்டும் என்று சட்டமா என்ன? கடைசியில் ஒருவழியாகத் தண்ணீரில் விழுந்தது. டாக்டர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இழுத்தார். உள்ளே ஒளி புரண்டது. அடுத்த கணம் நூல் விறைத்தது.

"போச்சு. கல்லுல மாட்டிக்கிச்சு. நான்தான் அப்பவே சொன்னேனே," என்று டாக்டர் புலம்பினார்.

"ஏங்க, கல்லு நகருதே," என்றார் மனைவி.

கல் நகர்ந்தது, திரும்பியது, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே துள்ளி எல்லோரையும் நனைத்தது. கழி வில்லாக வளைந்தது. டாக்டர் கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், மனைவி டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், மச்சினி செருப்போடு தண்ணீரில் இறங்கித் தொப்பியாலேயே அள்ளிக் கரையில் போட்டாள். முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அதைச் சுற்றி மண்டியிட்டார்கள். வாயோரத்தில் பொய்மீன் ஜொலித்துக்கொண்டிருந்தது. மனைவியே அதை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். "வந்துடுச்சுங்க," என்றார்.

அப்போது அந்தப் பெரிய மீன் வாயைத் திறந்து, சற்றுமுன் விழுங்கியிருந்த ஒன்றைப் புல்லின்மேல் துப்பியது.

ஒரு பொடிமீன். நிஜமான பொடிமீன். டாக்டர் அதைப் பல்லைப் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தார். அதில் வெள்ளி இல்லை. மினுமினுப்பு இல்லை. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில், மங்கலான பழுப்பாக, கண்ணும் சிறுத்து, உலகத்திலேயே சுவாரசியமில்லாத மீனாகக் கிடந்தது. இந்த ஏரியில் ஓடுகிற மீன் இதுதான். இத்தனை வருஷம் கட்டியது எந்த ஏரியின் மீனோ.

மனைவி பயந்துபோய் அவர் தோளில் கை வைத்தார். "மனசு விட்றாதீங்க."

"மினுக்கவே இல்லை," என்றார் டாக்டர். "நிறம் தப்பு. கண்ணு தப்பு. நான் கட்டினது அத்தனையும் தப்பு."

"அத்தான், இவ்வளவு தப்பா இருந்தும் மீனு கடிச்சிடுச்சே," என்றாள் மச்சினி.

"அது மீனோட தப்பு."

அவர் நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தார்கள். தோற்ற முகமா அது? பரீட்சையை இன்னொரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட மாணவனின் முகம். "முதல்லேருந்து ஆரம்பிக்கணும்," என்று சொல்லி எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். "வாங்க, வீட்டுக்குப் போகலாம். நிறைய வேலை இருக்கு." பிடித்த மீனை அவர் அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவிதான் முள்ளைக் கழற்றி, மன்னிப்புக் கேட்காத குறையாக, அதைத் தண்ணீரில் விட்டார். மச்சினி சிரித்துச் சிரித்து ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாவம் மனிதர், நமக்கு இந்தப் பைத்தியமெல்லாம் கிடையாது என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறீர்கள். நல்லது. ஒன்றே ஒன்றுமட்டும் கேட்டுவிடுகிறேன். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில், மங்கலான பழுப்பு ரோமத்துக்கு இனி அவர் எங்கே போவார் என்று நான் சொல்லவே இல்லையே, நீங்களாக ஒரு கணம் யோசித்தீர்களா? பழைய கம்பளியில் பார்க்கலாமே என்று? கோட்டுத் தூசி தட்டும் பிரஷ்? பக்கத்து வீட்டுக்காரரின் மீசை? மீசைவரை வந்துவிட்டீர்கள் என்றால், அந்த மீசைக்காரர் மத்தியானம் எத்தனை மணிக்குக் கண்ணயர்வார் என்பதும் உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்குமே.